காக்பிட் ஏன் உள்ளே நுழைய மறுக்கிறது? ஜெட் மாடலில் ரெசின் பாகம் பொருத்துவது பற்றி

பிளாஸ்டிக் பாகங்களாக வரும் விமான மாடல் கிட்டில் காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை, சாதாரணமாகத்தான் இருக்கும்; அதற்குப் பதிலாக ரெசினில் நுணுக்கமாக வார்த்த காக்பிட்டைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். முதல் ரெசின் காக்பிட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். பையைப் பிரித்து, கிட்டின் உடற்பகுதிப் பாதிகள் இரண்டையும் எடுத்து, நடுவே காக்பிட்டை வைத்து மூடிப் பார்ப்பார்கள். மூடாது. மூக்குப் பக்கம் மூன்று மில்லிமீட்டருக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அட்டையில் அந்தக் கிட்டின் பெயரும் எண்ணும் தெளிவாகப் போட்டிருக்கும்; ஆனாலும் நுழையாது. நானும் அப்படி ஒரு காக்பிட்டை ஆறு மாதம் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தேன், வேறு ஏதோ கிட்டின் பாகத்தை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து.

பாகம் சரியான பாகம்தான். அது இடம் கேட்கிறது, அவ்வளவுதான். அந்த இடம் கிட்டுக்குள் தயாராக இல்லை, நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். ரெசின் பொருத்துவதை ஒட்டும் வேலை என்று நினைத்து உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். முக்கால்வாசி நேரம் இழைப்பதிலும் சுரண்டுவதிலும் வைத்து வைத்துப் பார்ப்பதிலும் போகும். பசைக்கு வேலை கடைசி ஐந்து நிமிடம்.

ரெசின் எப்படி வேறுபடுகிறது

கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறியதும் அச்சைத் திறந்து எடுப்பார்கள். எஃகு வளையாது. அச்சு நேராகத் திறக்கும்போது பாகம் எங்கும் மாட்டாமல் கழன்று வர வேண்டும். அதனால் பாகத்தின் பக்கங்கள் லேசாகச் சாய்ந்திருக்கும். உட்குடைவு, மடிப்புக்கு அடியில் பள்ளம் என்று எதையும் வைக்க முடியாது. கிட்டில் வரும் எஜெக்ஷன் சீட்டை (ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் இருக்கை) எடுத்துப் பாருங்கள். பெல்ட் இருந்தால் அது மெத்தையோடு ஒட்டிய ஒரு மேடாக இருக்கும். பக்கவாட்டில் ஓடும் குழாய்கள் சீட்டுக்குள் பாதி புதைந்த மாதிரி தெரியும்.

ரெசினில் வழி வேறு. முதலில் மூலப் பாகம் ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பாலியூரித்தேன் ரெசினை அந்த அச்சில் வார்க்கிறார்கள். ரப்பர் வளைந்துகொடுக்கும் என்பதால் கொக்கி, மடிப்பு, தொங்கும் பெல்ட் நுனி எல்லாவற்றையும் சேதமில்லாமல் உரித்து எடுக்கலாம். ஆனால் ரப்பர் அச்சுக்கு ஆயுள் குறைவு. சில பத்து வார்ப்புகளிலேயே கிழியத் தொடங்கிவிடும். அதனால்தான் கிட் கம்பெனிகளே இதைச் செய்துவிடாமல், தனியாகச் சிறு தயாரிப்பாளர்கள் இதற்கென்று வந்தார்கள். பெல்ஜியத்தின் வெர்லின்டன் 1980களில் இந்தப் பழக்கத்தைப் பரப்பிய பெயர்களில் ஒன்று. பின்னால் செக் நாட்டிலிருந்து அய்ரெஸ், எடுவார்ட், சி.எம்.கே. எல்லாம் வந்தன.

இப்போது 3டி பிரின்ட் செய்த பாகங்களும் கடைக்கு வந்துவிட்டன. அதுவும் ரெசின்தான், ஆனால் ஒளி பட்டு இறுகும் வேறு வகை. வார்ப்பு ரெசினைவிட நுணுக்கம் கூடுதல், முறிவதும் கூடுதல். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான விஷயம் இரண்டுக்கும் பொது. வார்ப்புப் பாகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தடித்த கட்டைக்குப் பதிலாக, பிரின்ட் பாகத்தில் குச்சிக் காடு மாதிரி தாங்கிகள் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம்.

வாங்குவதற்கு முன்

கிட்டின் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது, எந்த ரகம் என்றும் பார்க்க வேண்டும். எஃப்-16 போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் 40, 50 ரகங்களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்110 எஞ்சின். பிளாக் 42, 52 ரகங்களில் பிராட் அண்ட் விட்னியின் எஃப்100. இரண்டின் நாசிலும் (சூடான வாயு வெளியேறும் பின்வாய்) பார்த்த மாத்திரத்தில் வேறு. காற்று உள்ளே போகும் வாயும்கூட ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சினுக்கு அகலம். நாசிலை மட்டும் மாற்றிவிட்டு வாயை அப்படியே விட்டால் முன்பக்கம் ஒரு விமானம், பின்பக்கம் இன்னொரு விமானம் என்று ஆகிவிடும். மிக்-21இலும் இதே கதை. பி.எஃப்.எம். ரகத்தில்தான் கே.எம்-1 இருக்கை வந்தது, கண்ணாடி மூடியும் பக்கவாட்டில் திறப்பதாக மாறியது. அதற்கு முந்தைய ரகங்களில் வேறு இருக்கை, முன்பக்கம் கீல் வைத்த மூடி. பையின்மேல் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் ரகத்தைப் படிக்காமல் வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

முதல் ரெசினாக எதை வாங்கலாம் என்று கேட்டால் சீட் அல்லது சக்கரம் என்பேன். கிட்டை அறுக்க வேண்டியதில்லை. பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் முடிந்தது. ஜெட் மாடலில் கண் முதலில் போவதும் சீட்டுக்குத்தான். அடுத்து நாசில். காக்பிட் தொட்டி, அதாவது தரையும் பக்கங்களும் சேர்ந்த காக்பிட் பாகம், மூன்றாவதாக வரட்டும். சக்கரக் குழி, திறந்த எஞ்சின் அறை எல்லாம் அப்புறம்.

இடம் எங்கே போனது

இப்போது முக்கியமான கணக்கு. 1/48 அளவு மாடலில் 1 மி.மீ. என்பது உண்மை விமானத்தில் 48 மி.மீ. கிட்டின் உடற்சுவர் சுமார் 1.2 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உண்மை அளவில் அது கிட்டத்தட்ட 6 செ.மீ. தடித்த சுவர். உண்மையான போர் விமானத்தின் வெளித்தகடு பல இடங்களில் ஓரிரு மில்லிமீட்டர்தான். அந்தத் தகட்டை 1/48க்குச் சுருக்கினால் காகிதத்தைவிட மெல்லியதாகிவிடும். அவ்வளவு மெல்லிய சுவரை எஃகு அச்சில் வார்க்கவும் முடியாது, கையில் பிடிக்கவும் முடியாது. ஆகவே கிட் கம்பெனி சுவரைத் தடிமனாக வைத்து, காக்பிட்டைக் குறுக்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால் உண்மை அளவில் பதினொரு செ.மீ.க்கு மேல் காணாமல் போகிறது. விமானியின் தோளுக்குப் பக்கத்தில் அது பெரிய இடம்.

ரெசின் செய்பவர் என்ன செய்கிறார்? காக்பிட்டை அதன் நிஜ அகலத்துக்கு முடிந்தவரை நெருக்கமாகச் செய்கிறார். அதற்குத்தானே நாம் காசு கொடுக்கிறோம்! அந்த அகலமான காக்பிட் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது பிளாஸ்டிக் சுவர் உட்கார்ந்திருக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

ரெசின் இறுகும்போது இம்மியளவு சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. நீளமுள்ள தொட்டி நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலே 0.4 மி.மீ. போய்விடும். ஆகவே அகலத்தில் இடிக்கும் அதே பாகம் நீளத்தில் இடைவெளி விடுவதும் நடக்கும். குழம்ப வேண்டாம். இடிக்கிற இடத்தைச் சுரண்டுவோம், இடைவெளி இருக்கிற இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நறுக்கி வைப்போம். வேலை அவ்வளவுதான்.

கட்டையை அறுப்பது

ரெசின் பாகத்தின் அடியில் ஒரு தடித்த கட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். வார்க்கும்போது ரெசினை ஊற்றிய வாய் அது. குமிழிகள் மேலேறி அங்கே போய்த் தங்கட்டும் என்றுதான் அதை விடுகிறார்கள். நாம் முதலில் செய்வது இதை அறுத்து எடுப்பது.

அதற்கு முன் கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய வழுவழுப்பு பாகத்தின்மேல் மிச்சம் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, ஒரு பழைய டூத்பிரஷ், போதும். இதைத் தவிர்த்தால் பெயிண்ட் காய்ந்த பிறகு மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயிண்டும் தோலாக உரிந்து வரும். கழுவும் தொட்டியின் வாயை அடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஏன் என்று விளக்க வேண்டாம் என நினைக்கிறேன்.

தூசியைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல முடியாது. ரெசினை இழைக்கும்போது வரும் மாவு மிக நுண்ணியது, மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். அறுக்கும்போதும் ரம்பத்தை நனைத்துக்கொள்ளுங்கள். நல்ல தூசி முகமூடி போடுங்கள். சாதாரணத் துணி முகமூடி இதற்கு உதவாது. வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், வாயால் ஊதாதீர்கள்.

சீட் ஒன்றை வைத்துக்கொண்டு கட்டை அறுப்பதைப் பார்ப்போம். கையில் மெல்லிய பிளேடு உள்ள ரேசர் ரம்பம். சீட்டின் அடிப்பாகம் எங்கே முடிகிறது, கட்டை எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பல சமயம் ஒரு மெல்லிய கோடு இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. கிட்டில் வந்த சீட்டைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கோடு தெரிந்ததும் சுற்றிலும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறியின்மேல் அறுக்காமல், கட்டைப் பக்கமாக அரை மில்லிமீட்டர் தள்ளி ரம்பத்தை வையுங்கள். முதல் நான்கைந்து இழுப்பு அழுத்தமே இல்லாமல், தடம் விழுவதற்காக மட்டும். அப்புறம் ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போகாமல், சீட்டைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கமாகப் போனால் ரம்பம் உள்ளே வளைந்து, மறுபக்கம் வெளியே வரும்போது சீட்டின் அடியைக் கொத்திக்கொண்டு வந்துவிடும். கட்டை விழப்போகும் தருணத்தில் கையைத் தளர்த்துங்கள். கடைசி முடியளவை உடைக்கத்தான் மனசு துடிக்கும். உடைத்தால் எப்போதும் பாகத்தின் பக்கம்தான் சில்லு பெயரும்.

மிச்சம் இருக்கும் அரை மில்லிமீட்டருக்கு உப்புத்தாள். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 240ஆம் நம்பர் தாளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பாகத்தை எட்டு போடுவது போலச் சுழற்றித் தேயுங்கள். நேராக முன்னும் பின்னும் தேய்த்தால் விரல் அழுத்தும் பக்கம் அதிகம் தேய்ந்து பாகம் சாய்ந்துவிடும். பத்து சுழற்றுக்கு ஒருமுறை பாகத்தை வேறு பக்கமாகப் பிடியுங்கள். குறி வந்ததும் 400, பிறகு 600. அடிப்பாகம் மறையப்போகிறது என்றால் 400 போதும், பசைக்குப் பிடிமானம் கிடைக்கும்.

குமிழி ஓட்டைகள் தெரிந்தால் ஒரு துளி சூப்பர் குளூ, காய்ந்ததும் தேய்ப்பு. மெல்லிய தண்டுகள் வளைந்து வந்திருந்தால் சூடான நீரில் சிறிது நேரம் முக்கி, நிமிர்த்தி, அந்த நிலையிலேயே குளிர்ந்த நீரில் விடுங்கள். வார்ப்பு ரெசின் இதற்குச் சொன்னபடி கேட்கும்.

தொட்டிக்கு இடம் பண்ணுவது

சரி, ஆரம்பத்தில் நுழையாத அந்தக் காக்பிட்டுக்கு வருவோம்.

முதலில் கிட்டின் உடற்பாதிகளுக்குள் பாருங்கள். கிட்டின் சொந்தக் காக்பிட் உட்காருவதற்காக உள்சுவரில் சின்னச் சின்ன வரம்புகள், முளைகள், சில சமயம் பக்கவாட்டுக் கருவிப் பலகைகள்கூட வார்த்திருப்பார்கள். இவை அத்தனையும் போக வேண்டும். முளைகளைக் கட்டரால் நறுக்கி, மிச்சத்தை வளைந்த பிளேடால் சுரண்டிவிடலாம். இதற்குச் சிறிய மோட்டார் கருவி வைத்திருப்பவர்கள் அதையே எடுப்பார்கள். எடுக்கலாம், ஆனால் மிகக் குறைந்த வேகத்தில். பாலிஸ்டைரீன் சூட்டில் உருகிச் சுருண்டு கருவியில் சுற்றிக்கொள்ளும். ஒரு நொடி கவனம் பிசகினால் வெளிப்பக்கத்தில் ஓட்டை. நான் கையால் சுரண்டுவதையே விரும்புகிறேன். ஒரு பாட்டு இரண்டு பாட்டு நேரம் அதிகமாகும், விமானம் தப்பிக்கும்.

அடுத்த கேள்வி: எதைக் குறைப்பது, ரெசினையா, பிளாஸ்டிக்கையா? முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் குறைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டுமே. ரெசின் தொட்டியின் வெளிப்பக்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதைக் கண்ணாடிமேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே போகலாம். பக்கச்சுவர் தனிப் பாகமாக வந்திருந்தால், விளக்கைப் பார்த்துப் பிடிக்கும்போது பின்னாலிருந்து வெளிச்சம் மங்கலாக ஊடுருவும் அளவுக்குத் தேய்க்கலாம். அதற்கு மேல் போனால் முன்பக்க ஸ்விட்சுகளுக்கு நடுவே ஓட்டை விழும். அதற்குப் பிறகும் இடித்தால் பிளாஸ்டிக்கின் உள்சுவரைச் சுரண்டுங்கள்.

சுரண்டும்போது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு சின்ன விளக்கு போதும். உடற்பாதியின் உள்ளே விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். தடித்த இடம் இருட்டாக இருக்கும், மெலிந்த இடம் வெளுத்துத் தெரியும். ஒரு இடம் மட்டும் பளீரென்று தெரிந்தால் அங்கே கையை நிறுத்திவிட்டு, சுற்றியுள்ள இருட்டைக் குறைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் பேனல் கோடு (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு) ஓடும் இடங்களில் ஏற்கெனவே பள்ளம் இருப்பதால் அங்கே ஒரு படி கூடுதலாக எச்சரிக்கை வேண்டும். சுவரில் பாதி தடிமன் போனாலே பெரும்பாலும் தொட்டி உள்ளே இறங்கிவிடும்.

எங்கே இடிக்கிறது என்பதைக் கண்ணால் தேடினால் பொழுது போய்விடும். தொட்டியின் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீரில் அழியும் மார்க்கரைப் பூசி, மை காய்வதற்குள் உடற்பாதிக்குள் அழுத்தி எடுங்கள். இடித்த இடத்தில் பிளாஸ்டிக்கின்மேல் மை ஒட்டியிருக்கும். அந்தப் பொட்டை மட்டும் சுரண்டுங்கள். திரும்பவும் மை, திரும்பவும் அழுத்தம். முதல் தடவை இரண்டு பொட்டுகள் தெரியும், நாலாவது தடவை ஏழெட்டு பொட்டுகள் தெரியும். பொட்டுகள் கூடக்கூட வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம்; சுமை ஒரே முனையில் நிற்காமல் பரவுகிறது. இப்படி இருபது தடவை வைத்து எடுத்தேன் என்று யாராவது சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள்.

அகலம் சரியானதும் உயரம். பல ஜெட்டுகளில் முன்சக்கரக் குழி காக்பிட்டுக்கு நேர் கீழே இருக்கும். மேலே ரெசின் தொட்டியின் தரை, கீழே சக்கரக் குழியின் கூரை, இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம்தான். குழியை வைத்து ஒட்டிவிட்டுப் பிறகு தொட்டியை இறக்கப் போனால் தொட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டையும் சேர்த்தே டேப் போட்டு வைத்துப் பாருங்கள். தரையைத் தேய்க்க வேண்டுமானால் மூலைக்கு மூலை தடிமனை அளந்துகொண்டு தேயுங்கள்.

இப்போது உடற்பாதிகளை டேப்பால் இறுக்கி, தொட்டியை வைத்து, சீட்டை வைத்து, முன்கருவிப் பலகையின் மூடாக்கை வைத்து, கடைசியாகக் கண்ணாடியை மேலே வையுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விடுவார்கள். ஒருமுறை நான் இரண்டு வாரம் பெயிண்ட் அடித்து, பெல்ட்டுக்கெல்லாம் நிழல் கொடுத்து, சீட்டை எபாக்சியில் உட்கார வைத்த பிறகு கண்ணாடியை மூடினேன். சீட்டின் தலைப்பெட்டி கண்ணாடியை முட்டித் தள்ளியது. அந்த விமானம் இன்றைக்கும் மூடியைத் திறந்தபடியே நிற்கிறது. பார்ப்பவர்களிடம், உள்ளே தெரியட்டும் என்றுதான் திறந்து வைத்தேன் என்று சொல்லிவிடுவேன்.

பசை

கிட் பிளாஸ்டிக்குக்குப் பயன்படுத்தும் மாடல் பசை ரெசினில் வேலை செய்யாது. அந்தப் பசை பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. ரெசின் அதில் கரையாது. ஆகவே சூப்பர் குளூ அல்லது இரண்டு டியூப் எபாக்சி.

சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும். தண்ணீர் போல மெல்லியது இடுக்கில் தானாக ஓடும். பாகங்களை வைத்துப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஊசி முனையால் ஒரு துளி விட்டால் போதும். ஆனால் உங்கள் விரலும் ஒரு இடுக்குத்தான், அங்கேயும் ஓடும். ஜெல் வகை நின்ற இடத்தில் நிற்கும், சிறு இடைவெளியையும் நிரப்பும். எபாக்சி ஐந்து நிமிடமாவது நகர்த்த விடும். காக்பிட் தொட்டி மாதிரி இம்மி நகர்த்திச் சரி பார்க்க வேண்டிய பெரிய பாகத்துக்கு எனக்கு எபாக்சிதான். தொட்டியை ஒரு பாதியில் மட்டும் முதலில் ஒட்டி, மறுபாதியைப் பசையில்லாமல் டேப் போட்டு மூடி, அப்படியே இறுக விடுங்கள். இறுகும்போது தொட்டி தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ரெசின் மூக்கு, ரெசின் வால் நுனி மாதிரி வெளியே தெரியும் இணைப்பில் இடைவெளி இருந்தால், சூப்பர் குளூவில் கொஞ்சம் டால்கம் பவுடரைக் குழைத்துப் பூசலாம். நல்ல பட்டி. அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். தனிச் சூப்பர் குளூவை ஒரு ராத்திரி விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். தேய்க்கும்போது மெத்தென்ற பிளாஸ்டிக் பள்ளமாகும், பசை வரம்பு மட்டும் மேடாக நிற்கும். உப்புத்தாளை விரலில் சுற்றாமல் ஒரு தட்டையான கட்டையில் ஒட்டித் தேய்ப்பதும் இதற்காகத்தான்.

சூப்பர் குளூ இறுகும்போது வரும் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெள்ளைப் படலமாகப் படியும். மூடிய காக்பிட்டுக்குள் அது நடந்தால் துடைக்கக் கை போகாது. கண்ணாடியை ஒட்ட வேறு பசையை, காய்ந்ததும் தெளிவாகும் வெள்ளைப் பசை போன்ற ஒன்றை, எடுங்கள்.

தனியே ஒட்டும் வால் துண்டு, சிறகின் அசையும் மடல் மாதிரி பாகங்களுக்குப் பசையை மட்டும் நம்ப வேண்டாம். சூப்பர் குளூ இழுவையைத் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். 0.5 மி.மீ. டிரில் பிட்டால் இரண்டு பக்கமும் துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுங்கள்.

நாசிலும் பின்பாரமும்

ஜெட் மாடலில் ரெசின் நாசில் கொடுக்கும் பலனுக்கு ஈடாக வேறு எதையும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பல எஃப்-15 போர் விமானங்களில் நாசிலை மூடியிருந்த வெளி இதழ்களைக் கழற்றிவிட்டே ஓட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் கம்பிகளும் இணைப்புகளும் வெட்டவெளியில் தெரியும். எஃகு அச்சில் அதைக் கொண்டுவருவது பெரும்பாடு. ரெசினில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நிற்கும்.

பொருத்துவதும் எளிது: நாசிலின் வளையம், விமானத்தின் வால் வளையம் இரண்டின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவே. வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துத் தனியே பெயிண்ட் அடியுங்கள். உலோக நிறத்துக்கும் உடல் நிறத்துக்கும் நடுவே மாஸ்கிங் டேப் சுற்றும் தொல்லை மிச்சம். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒட்டலாம்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே. கிட்டின் நாசில் உள்ளே வெற்றுக் குழல். ரெசின் நாசில் பல சமயம் கனமான திண்டு, அதுவும் பின்சக்கரங்களுக்கு எவ்வளவோ பின்னால். உடற்பகுதியை ஒட்டி மூடிய பிறகு விமானம் வாலில் உட்கார்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மூடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, பின்சக்கரம் வரும் இடத்துக்கு அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து நிறுத்திப் பாருங்கள். மூக்கு கீழே சாய வேண்டும். சாயவில்லை என்றால் மூக்கினுள் ஈயத் துண்டோ சின்ன போல்ட்டோ வைத்து எபாக்சியால் ஒட்டுங்கள். தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், பெயிண்ட் அடித்த பிறகு எடை கூட்ட வழியில்லை. ஆனால் அளவில்லாமல் வைத்தால் மெல்லிய பிளாஸ்டிக் முன்கால் வளைந்துவிடும்.

சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தரையில் படும் இடம் தட்டையாக இருக்கும். பெரும்பாலும் கட்டையும் அங்கேதான் ஒட்டியிருக்கும், அதனால் அறுத்த வடு தெரியாது. அந்தத் தட்டையான பக்கம் மூன்று சக்கரத்திலும் தரையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எபாக்சியில் ஒட்டி, விமானத்தைக் கண்ணாடிமேல் நிறுத்திவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் டயரை ரொம்பவே உப்ப வைத்துவிடுகிறார்கள். போர் விமான டயரில் கார் டயரைவிடப் பல மடங்கு காற்றழுத்தம் இருக்கும். காற்று இறங்கின மாதிரி பிதுங்கி நிற்கும் சக்கரம் எனக்குப் பிடிப்பதில்லை. கொஞ்சம் தேய்த்துக் குறைத்துவிடுவேன்.

பெயிண்டுக்கு முன் எல்லா ரெசினுக்கும் ஒரு பிரைமர் பூச்சு கொடுங்கள். பெயிண்ட் பிடிப்பதற்காக மட்டுமில்லை. ரெசினின் வெளிர் நிறத்தில் கண்ணில் படாத குமிழியும் ரம்பக் கீறலும் ஒரே சீரான சாம்பல் நிறம் ஏறியதும் எட்டிப் பார்க்கும்.

கழற்றி எடுத்த கிட்டின் சீட்டையும் காக்பிட்டையும் தூக்கிப் போட வேண்டாம். நான் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். சீட்டு மெத்தைக்குப் புதுப் பச்சை ஒன்றைக் கலந்தால் முதலில் அந்தப் பழைய சீட்டில்தான் பூசிப் பார்ப்பேன். அடுத்த ரெசின் சீட்டின் கட்டையை எங்கே அறுப்பது என்று தெரியாதபோது உயரம் சொல்வதும் அதே டப்பாதான்.